பதினான்கு புலங்கள், ஒரே டேபிள்: பிரித்தே ஆக வேண்டுமா?

கேள்வி | மார்ச் 3, இரவு 9.40

நூலகத்துக்கான மென்பொருள். ஒரே டேபிள்தான் வைத்திருக்கிறேன்: கடன் எண், உறுப்பினர் எண், உறுப்பினர் பெயர், தொலைபேசி, ஐஎஸ்பிஎன், தலைப்பு, ஆசிரியர்கள், பதிப்பகம், பதிப்பக முகவரி, பிரதி எண், அலமாரி, கொடுத்த தேதி, கெடு தேதி, திரும்பிய தேதி. புத்தகம் வெளியே போகும்போதெல்லாம் ஒரு வரி சேரும். இப்போது சுமார் 10 லட்சம் வரிகள். பார்க்கிறவர்கள் எல்லாம் "நார்மலைஸ் பண்ணு, ஒரே செய்தி பல வரிகளில் வராதபடி டேபிளைப் பிரி" என்கிறார்கள். வட்டில் இடம் பொன்னாக இருந்த 1970-களில் எழுதிய விதிகள் அவை. இன்று இடம் ஒரு பொருட்டா? பிரித்தால் எதைக் கேட்டாலும் நாலு ஜாயின் (டேபிள்களைத் திரும்ப இணைப்பது), வேகமும் போகும். நான் சொல்வது தவறு என்றால் எங்கே தவறு? பாடப்புத்தக வரையறை வேண்டாம்.

பதில் | மார்ச் 3, இரவு 10.15

இடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ரிலேஷனல் முறையை முன்வைத்த எட்கர் காட் 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரையின் இரண்டாம் பகுதிக்கே "மிகைமையும் முரணின்மையும்" என்ற பொருளில்தான் தலைப்பு. ஒரே செய்தி நாலு இடத்தில் இருந்தால் நாலும் ஒன்றோடொன்று முரண்படலாம். கவலை அதுதான்.

உங்கள் டேபிளில் மூன்று சோதனை செய்து பாருங்கள். 400 முறை புத்தகம் எடுத்த ஓர் உறுப்பினர் தொலைபேசி எண்ணை மாற்றுகிறார். 400 வரிகளையும் திருத்த வேண்டும். 399 திருந்தி ஒன்று விட்டுப்போனால் அவருக்கு இரண்டு எண்கள், எது சரி என்று தரவைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்து, இன்று வாங்கிய புத்தகம், இன்னும் யாரும் எடுக்கவில்லை. அதை எங்கே பதிவீர்கள்? கடன் எண் இல்லாமல் வரியே இல்லை. மூன்றாவது, ஒரே ஒருமுறை கடன் போன புத்தகத்தின் அந்தப் பழைய வரியை அழித்தால் அந்தப் புத்தகம் நூலகத்தில் இருந்த தடயமே போய்விடும்.

இரண்டாவதற்கு "போலிக் கடன் எண் 0 போடுவேன்" என்று சொல்லப் போகிறீர்கள். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். பிறகு ஒவ்வொரு அறிக்கையிலும் "கடன் எண் 0 நீங்கலாக" என்று எழுத வேண்டும். ஓர் இடத்தில் மறந்தால் எண்ணிக்கை தவறும்.

பதில் | மார்ச் 4, காலை 7.05

வரையறை வேண்டாம் என்றீர்கள். சரி, ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எது தெரிந்தால் எது தெரிந்துவிடும்?

உறுப்பினர் எண் → பெயர், தொலைபேசி
பிரதி எண் → ஐஎஸ்பிஎன், அலமாரி
ஐஎஸ்பிஎன் → தலைப்பு, பதிப்பகம்
பதிப்பகம் → பதிப்பக முகவரி
கடன் எண் → பிரதி எண், உறுப்பினர் எண், மூன்று தேதிகள்

அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது எதுவோ அது தனி டேபிளின் சாவி, அதாவது ஒரு வரியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் புலம். வலப்பக்கம் இருப்பவை அந்த டேபிளின் மற்ற புலங்கள். ஆசிரியர்கள் மட்டும் இதில் அடங்கவில்லை, அதற்குத் தனியாக வருகிறேன்.

இந்த அம்புகளைத் தரவிலிருந்து கண்டுபிடிக்க முயலாதீர்கள். பத்து லட்சம் வரிகளில் ஒவ்வொரு தலைப்பும் ஒரே ஐஎஸ்பிஎன்னோடு வந்திருக்கலாம்; அதற்காகத் தலைப்பு → ஐஎஸ்பிஎன் ஆகிவிடாது, நாளை இரண்டாம் பதிப்பு வரும். தரவால் ஓர் அம்பைப் பொய் என்று காட்ட முடியும், மெய் என்று நிறுவ முடியாது. மெய்யா என்பதை நூலகத்தை நடத்துகிறவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். "ஒரு பிரதி ஒரே நேரத்தில் இரண்டு அலமாரியில் இருக்குமா?" என்று கேட்டால் சிரிப்பார், "கண்காட்சிக்குப் போனால்..." என்று இழுப்பார். அந்த இழுவையில்தான் வடிவமைப்பே இருக்கிறது.

பதில் | மார்ச் 4, காலை 7.20

சொல் விஷயம். "காலம்" என்று எழுதினால் நேரமா, டேபிளின் நெடுவரிசையா என்று குழம்பும், அதனால் "புலம்" என்றே எழுதுகிறேன். இன்னொன்று: டேபிள்களுக்கு இடையே உறவு இருப்பதால் ரிலேஷனல் என்று பெயர் வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். "உறவுநிலைத் தரவுத்தளம்" என்ற மொழிபெயர்ப்பும் அந்த நினைப்புக்குத் தூபம் போடுகிறது. கணிதத்தில் ரிலேஷன் என்றால் ஒரே அமைப்புள்ள தொகுப்புகளின் கணம் (செட்), ஏறக்குறைய டேபிளே அதுதான். தனி ஒரு டேபிள் இருந்தாலும் அது ரிலேஷனல்தான். கணம் என்பதால் வரிகளுக்கு வரிசைமுறை கிடையாது, ஒரே வரி இரண்டு முறை வரவும் கூடாது. தரவுத்தளத்திடம் பேசும் மொழியான எஸ்கியூஎல் இரண்டாவதைக் கட்டாயப்படுத்துவதில்லை. சாவி வைக்காத டேபிளில் இரட்டை வரி தாராளமாக விழும்.

பதில் | மார்ச் 4, மதியம் 1.30

வேகம். ஊகிக்க வேண்டாம், கணக்குப் போடுவோம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு பக்கம் (ஒரே தடவையில் படிக்கும் துண்டு) 8192 பைட். பக்கத் தலைப்பு 24 போக 8168. ஒவ்வொரு வரிக்கும் தலைப்பு 24, சுட்டி 4, ஆக 28 பைட் கூடுதல். உங்கள் 14 புலங்கள் சேர்ந்து 600 பைட் என்று வைத்தால் 628. பக்கத்துக்கு 13 வரிகள். 10 லட்சம் வரிக்கு 76,924 பக்கம், சுமார் 600 எம்பி.

பிரித்த பிறகு கடன் டேபிளில் மூன்று எண்கள் (எட்டெட்டு பைட்), மூன்று தேதிகள் (நாலு நாலு பைட்): 36, எட்டின் மடங்காகச் சீரமைத்தால் 40 ஆகும். 28 சேர்த்தால் 68. பக்கத்துக்கு 120 வரிகள். மொத்தம் 8,334 பக்கம், சுமார் 65 எம்பி.

"சென்ற ஆண்டு மாதவாரியாக எத்தனை கடன்" என்ற கேள்விக்கு முழு டேபிளையும் படிக்க நேர்ந்தால் 600-ஐப் படிப்பதா, 65-ஐயா? இதில் ஜாயினே இல்லை.

ஒரு கடனின் முழு விவரத்தைத் திரையில் காட்டும்போது ஜாயின் வேண்டும், உண்மை. ஒவ்வொரு சாவித் தேடலும் பி-ட்ரீ இண்டெக்ஸில் (கிளை கிளையாக அமைந்த தேடல் அட்டவணையில்) மூன்று நாலு அடுக்கு இறங்குவது. மேல் அடுக்குகள் நினைவகத்திலேயே இருக்கும். நாலு ஜாயின் என்றால் இருபது பக்க வாசிப்புக்குள் முடிந்துவிடும். ஜாயின் மெதுவாக ஓடுகிற இடத்தில் முதலில் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

கேள்வி | மார்ச் 4, இரவு 8.50

அண்ணா, கணக்கு புரிந்தது. சாவி விஷயத்தில் சந்தேகம். நூல் டேபிளுக்கு ஐஎஸ்பிஎன்னையே பிரைமரி கீ (முதன்மைச் சாவி) ஆக்கிவிடலாமா? உலகம் முழுக்கத் தனித்தன்மை உள்ள எண்தானே.

பதில் | மார்ச் 5, காலை 6.40

வேண்டாம். ஐஎஸ்பிஎன் வருவதற்கு முந்தைய நூல்களுக்கு அது கிடையாது. சிறு வெளியீடுகள் பலவற்றுக்கும் கிடையாது. 2007 ஜனவரி 1 முதல் 10 இலக்கம் 13 ஆனது. ஒரே நூலுக்கு இரண்டு வடிவமும் அச்சில் இருக்கும். பழைய எண்ணை வேறு நூலுக்கு மறுபடி பயன்படுத்திய பதிப்பகங்களும் உண்டு. இவ்வளவும் சேர்ந்தால் அது நம்மால் கட்டுப்படுத்த முடியாத, மாறக்கூடிய, சில சமயம் இல்லாத ஒரு மதிப்பு. பிரைமரி கீ ஆவதற்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நூல் எண் என்று நாமே ஒரு வெற்று எண் கொடுப்போம். ஐஎஸ்பிஎன்னை 13 இலக்கத்துக்கு மாற்றி, இடைக்கோடு நீக்கி, எழுத்து வகையில் வையுங்கள். எண் வகையில் வைக்காதீர்கள்: 10 இலக்க வடிவம் 0-வில் தொடங்கலாம், கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து வரலாம். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எண் இல்லை. தொலைபேசிக்கும் இதே நியாயம்.

வெற்று எண்ணுக்கு எந்த வகை? 4 பைட் முழுஎண் 2,147,483,647 வரைதான். நூலுக்குத் தாராளம். கடன் மாதிரி வளரும் டேபிளுக்கு 8 பைட் கொடுத்துவிடுங்கள், பின்னால் மாற்றுவது முழு டேபிளையும் திரும்ப எழுதும் வேலை. யூயூஐடி (எங்கே உருவாக்கினாலும் மோதாத நீண்ட அடையாளம்) வேண்டுமென்றால் 16 பைட்டாக வையுங்கள். 36 எழுத்துச் சரமாக வைத்தால் இரண்டு மடங்குக்கு மேல். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில் வரிகள் பிரைமரி கீ வரிசையில் அடுக்கப்படுகின்றன, மற்ற ஒவ்வொரு இண்டெக்ஸும் அந்தக் கீயைத் தன்னுள் சுமக்கிறது. தற்போக்கான யூயூஐடி போட்டால் ஒவ்வொரு புது வரியும் நடுவில் எங்கேயோ போய் உட்காரும், பக்கங்கள் பிளந்துகொண்டே இருக்கும். 2024-இல் தரமாக்கப்பட்ட ஏழாம் வகை யூயூஐடி நேர வரிசையில் வளரும், இந்தத் தொல்லை அதில் குறைவு.

பதில் | மார்ச் 5, காலை 6.55

முக்கியமானதை விட்டுவிட்டேன். வெற்று எண் கொடுத்த கையோடு ஐஎஸ்பிஎன்னுக்கு யூனிக் கட்டுப்பாடும் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது) போட வேண்டும். இல்லாவிட்டால் அதே நூல் 17 என்றும் 2,305 என்றும் இரண்டு முறை பதிவாகும். டேபிள் அதை மகிழ்ச்சியாக ஏற்கும். வெற்று எண் வரியைத்தான் அடையாளம் காட்டும். நூலை அடையாளம் காட்டுவது வேறு. பழைய எண் மறுபடி வந்த அந்த அரிய நூலை இந்த யூனிக் தடுக்குமே என்றால், தடுக்கட்டும். நூலகர் கண்ணால் பார்த்து, பின்னால் வந்ததை ஐஎஸ்பிஎன் இல்லாமல் பதியட்டும்.

பதில் | மார்ச் 5, இரவு 9.30

காலையில் தனியாகக் கேட்ட ஒருவருக்கு இரண்டாம் இயல்வடிவத்தை, அதாவது சாவியின் ஒரு பகுதியை மட்டும் சார்ந்த புலம் டேபிளில் இருக்கக் கூடாது என்ற விதியை, விளக்கும்போது, "கடன் டேபிளுக்குப் பிரதி எண் + கொடுத்த தேதி இரண்டும் சேர்ந்த சாவி, அலமாரி பிரதி எண்ணை மட்டும் சார்ந்தது, ஆகவே பகுதிச் சார்பு, மீறல்" என்று எழுதினேன். அதில் இரண்டு பிழைகள்.

ஒன்று, அது சாவியே இல்லை. காலையில் எடுத்து மதியம் திருப்பிய பிரதி மாலையில் இன்னொருவரிடம் போகலாம். தேதி போதாது, நேரமும் வேண்டும். புலத்தைக் கொடுத்த நேரம் என்று மாற்றுங்கள்.

இரண்டு, "தனிக் கடன் எண் கொடுத்துவிட்டால் சாவி ஒரே புலம், பகுதிச் சார்புக்கு இடமே இல்லை, இரண்டாம் இயல்வடிவம் தானாக வந்துவிடும்" என்றும் சேர்த்தேன். பரவலான நம்பிக்கை, தவறான நம்பிக்கை. விதி பிரைமரி கீயை மட்டும் பார்ப்பதில்லை, சாவியாகத் தகுதியுள்ள எல்லாவற்றையும் பார்க்கிறது. பிரதி எண் + கொடுத்த நேரம் இன்னமும் தகுதியுள்ள சாவிதான். புது எண் ஒட்டியதால் அலமாரி பிரதியைச் சார்ந்திருப்பது மாறிவிடுமா? ஒட்டுச்சீட்டு ஒட்டினால் உள்ளே இருக்கும் சரக்கு மாறாது.

(நேரம் 8 பைட். கொடுத்த, திரும்பிய இரண்டையும் நேரமாக்கினால் வரி 48 பைட், பக்கத்துக்கு 107 வரிகள், சுமார் 73 எம்பி. நேற்றைய கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள், முடிவு மாறவில்லை.)

கேள்வி | மார்ச் 6, காலை 10.05

கெடு தேதி = கொடுத்த நாள் + 14. கணக்கிட்டுக்கொள்ளலாமே, அதை ஏன் சேமிக்க வேண்டும்? நீங்கள் சொன்ன மிகைமைதானே இது?

பதில் | மார்ச் 6, மதியம் 12.40

மிகைமை போலத் தெரியும், இல்லை. நாளை விதி 21 நாள் ஆனால் பழைய கடன்களின் கெடுவும் பின்னோக்கி மாறிவிடுமா? அன்று அவரிடம் சொன்ன தேதி ஒரு நிகழ்ந்த செய்தி. கொடுத்த நாள் → கெடு என்ற அம்பு நிலையானதல்ல, அன்றைய விதியும் சேர்ந்தால்தான் அது நிற்கும். ஆகவே சேமியுங்கள். விலைப்பட்டியலில் இன்றைய விலையும் பழைய ரசீதில் அன்றைய விலையும் தனித்தனியாக இருப்பதற்கும் இதே காரணம். மதிப்பு ஒன்றாக இருக்கலாம், செய்தி இரண்டு.

"தாமதமா?" என்று ஆம்/இல்லைப் புலம் வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். அது நள்ளிரவில் யாரும் தொடாமலே பொய்யாகும். "நிலை: வெளியே/உள்ளே" என்பதும் அப்படித்தான்: திரும்பிய நேரம் இருக்கிறது, நிலை "வெளியே" என்கிறது, எதை நம்புவது?

பதில் | மார்ச் 7, காலை 7.15

திரும்பிய நேரம் என்றதும் நல் (காலிப் புலத்தின் குறி) வந்துவிடுகிறது. நல் நல்லதல்ல என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் இந்த இடத்தில் அதைத் தவிர்ப்பது எளிதல்ல. அதனால் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நல் ஒரு மதிப்பு அல்ல, மதிப்பு இல்லை என்ற குறி. நல் = நல் என்று ஒப்பிட்டால் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது, "தெரியாது" என்று வரும். வரிகளைத் தேர்ந்தெடுக்கும் வேர் (WHERE) நிபந்தனை "தெரியாது" வரிகளைத் தள்ளிவிடும். வரியை ஏற்கும்முன் சோதிக்கும் செக் கட்டுப்பாடு அதே "தெரியாது"வை உள்ளே விட்டுவிடும். திரும்பிய நேரம் > கொடுத்த நேரம் என்ற செக், திரும்பாத கடனைத் தடுக்காது. இங்கே அது நமக்குச் சாதகம். வேறு இடத்தில் கழுத்தை அறுக்கும்.

மிகவும் கெட்ட பொறி: ஒருமுறையும் கடன் போகாத பிரதிகளைக் கேட்க "பிரதி எண் நாட் இன் (கடன் டேபிளின் பிரதி எண்கள்)", அதாவது இந்தப் பட்டியலில் இல்லாதவை, என்று எழுதுவது. கடன் டேபிளில் ஒரே ஒரு வரியில் பிரதி எண் நல்லாக இருந்தால் போதும், விடை பூச்சியம் வரிகள். பிழைச் செய்தியும் வராது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள். அல்லது பிரதி எண்ணுக்கு நாட் நல் போடுங்கள். இரண்டையும் செய்யுங்கள்.

கவுண்ட் நட்சத்திரம் வரிகளை எண்ணும், கவுண்ட் (புலம்) நல் அல்லாதவற்றை மட்டும் எண்ணும். ஆரக்கிளில் வெற்றுச் சரமும் நல்தான், மற்றவற்றில் அப்படியில்லை.

கேள்வி | மார்ச் 7, இரவு 9.10

ஒரு பிரதி இன்னும் திரும்பாதபோது இன்னொரு கடன் பதிவாகக் கூடாது. நிரலில் முதலில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கிறேன். இருந்தும் மாதம் ஓரிரண்டு இரட்டைப் பதிவு வருகிறது, எங்கிருந்து என்றே தெரியவில்லை.

பதில் | மார்ச் 8, காலை 6.30

இரண்டு மேசையில் இருவர் ஒரே நொடியில் தேடுகிறார்கள். இருவருக்கும் "இல்லை" என்று விடை வருகிறது. இருவரும் சேர்க்கிறார்கள். தேடலுக்கும் சேர்த்தலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரலால் அடைக்க முடியாது, தரவுத்தளத்திடம் விட வேண்டும்.

போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் இரண்டிலும் பகுதி இண்டெக்ஸ் உண்டு: பிரதி எண் மேல் யூனிக் இண்டெக்ஸ், நிபந்தனை "திரும்பிய நேரம் நல் ஆனவை மட்டும்". எஸ்கியூஎல் சர்வரில் வடிகட்டிய இண்டெக்ஸ் என்பார்கள். மைஎஸ்கியூஎல்லில் இது இல்லை. அங்கே ஒரு கணக்கிட்ட புலம் சேர்த்து, திரும்பிய நேரம் நல் என்றால் பிரதி எண், இல்லையென்றால் நல் என்று வரச்செய்து, அதன் மேல் யூனிக் போடுங்கள். யூனிக் பல நல்களை அனுமதிக்கும், எனவே திரும்பிய கடன்கள் இடிக்காது. நேற்று திட்டிய நல்லை இன்று வேலைக்கு வைத்தாயிற்று.

அதே உத்தியை எஸ்கியூஎல் சர்வரில் செய்தால் இரண்டாவது நல்லிலேயே பிழை வரும். அங்கே யூனிக் ஒரு நல்லைத்தான் ஏற்கும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் இரண்டில் எது வேண்டும் என்று நாமே சொல்லலாம்.

கடன் எண்ணை "அதிகபட்ச எண் + 1" என்று எடுக்கிறீர்களா? அதிலும் இதே ஓட்டை. தானே வளரும் எண்ணுக்கு மாறுங்கள். அதில் இடையிடையே எண் விடுபடும், ரத்தான பரிவர்த்தனை எடுத்த எண் திரும்ப வராது. அது கோளாறு அல்ல, விட்டுவிடுங்கள்.

பதில் | மார்ச் 9, இரவு 10.00

ஃபாரின் கீ: ஒரு டேபிளின் புலம் இன்னொரு டேபிளின் சாவியைக் குறிப்பிடுவது. சுருக்கமாக, தடுக்கி விழும் இடங்கள் மட்டும்.

எஸ்கியூலைட்டில் எழுதி வைத்தாலும் இயல்பாக அமலாகாது. ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் கோப்பில் தங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். மைஎஸ்கியூஎல்லில் இரு பக்கமும் எண் வகை, அளவு, கழித்தல் குறி ஏற்குமா இல்லையா என்பது வரை பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் பழைய பதிப்புகளில் 150 என்ற பிழை எண் மட்டும் முகத்தில் அடிக்கும். போஸ்ட்கிரெஸ் குறிப்பிடும் பக்கத்தில் இண்டெக்ஸைத் தானாக உருவாக்காது, இன்னோடிபி உருவாக்கும். போஸ்ட்கிரெஸில் ஓர் உறுப்பினரை அழிக்கும்போது முழுக் கடன் டேபிளையும் வரி வரியாகத் தேடினால் காரணம் இதுதான்.

பெற்றோர் வரி (குறிப்பிடப்படும் வரி) அழிந்தால் என்ன செய்வது? நூல் அழிந்தால் நூல்–ஆசிரியர் இணைப்பு அழியட்டும், கேஸ்கேட் (சேர்ந்தே அழிவது) சரி. பிரதி அழிந்தால் கடன் வரலாறு அழிவது பேரிழப்பு, அங்கே தடுக்க வேண்டும். தொலைந்த பிரதியை அழிக்காமல் நீக்கிய தேதி என்று ஒரு புலம் போதும்.

மைஎஸ்கியூஎல் 8.0.16-க்கு முந்தையது என்றால் நான் முன்பு சொன்ன செக் கட்டுப்பாடுகளை எழுதினாலும் அது படித்துவிட்டுக் கடாசிவிடும். எச்சரிக்கைகூடத் தராது.

பதில் | மார்ச் 10, காலை 7.00

ஆசிரியர்கள், சொன்னபடி. ஒரே புலத்தில் காற்புள்ளி போட்டு மூன்று பெயர்கள். ஒருவர் எழுதிய நூல்களைத் தேட, எங்கே இருந்தாலும் பொருந்தட்டும் என்று லைக் (பகுதிப் பொருத்தத் தேடல்) போடுகிறீர்கள். முன்னால் சதவீதக் குறி வந்தால் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது, "மணி" என்று தேடினால் "சுப்பிரமணியன்" எல்லாம் வரிசையில் வருவார்கள். பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் பிரிக்கும் நிரல் பேதலிக்கும்.

ஆசிரியர் டேபிள், நூல்–ஆசிரியர் டேபிள். பின்னதில் நூல் எண், ஆசிரியர் எண், இடம். அட்டையில் யார் பெயர் முதலில் என்பது செய்தி. டேபிளுக்கு வரிசைமுறை இல்லை என்பதால் "இடம்" என்று எண்ணாக எழுத வேண்டும். சாவி நூல் + ஆசிரியர். நூல் + இடம் யூனிக். மொழிபெயர்ப்பாளரும் இருந்தால் "பங்கு" என்ற புலத்தைச் சாவியில் சேர்க்க வேண்டும், ஒருவரே எழுதி அவரே மொழிபெயர்க்கலாம்.

நூலுக்குப் பொருள் தலைப்புகளும் பல என்றால் அதற்கு வேறு டேபிள். நூல், ஆசிரியர், பொருள் மூன்றையும் ஒரே டேபிளில் போட்டால் 3 ஆசிரியர், 4 பொருள் உள்ள நூலுக்கு 12 வரிகள். ஐந்தாவது பொருள் சேர்க்க 3 வரிகள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டைப் பெருக்கி வைத்திருக்கிறோம். ரொனால்ட் ஃபேகின் 1977-இல் சொன்ன நான்காம் இயல்வடிவம் இதுதான்.

பதில் | மார்ச் 12, இரவு 11.20

ஆசிரியர் பெயருக்கு யூனிக் போட்டும் "கொ"வில் தொடங்கும் ஒரே பெயர் இரண்டு முறை உள்ளே வந்துவிட்டது என்று ஒருவர் கேட்டார். இது வேறு நார்மலைசேஷன், பெயர் மட்டும் ஒன்று. யூனிகோடில் "கொ"வை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரம், எகரக் கொம்பு, பின்னால் கால். திரையில் ஒன்றே, பைட்டில் வேறு. போஸ்ட்கிரெஸில் யூனிக் இயல்பாகப் பைட்டைத்தான் பார்க்கிறது. சேர்க்கும்போதே என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்குச் செயற்கூறும், அந்த வடிவில் இருக்கிறதா என்று செக் போடும் வசதியும் உண்டு. ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டுகிறவர்களையும், "ஸ்ரீ"யை இரண்டு விதமாக எழுதுகிறவர்களையும் என்எஃப்சி ஒன்றாக்காது. அதற்கு மாற்றுப் பட்டியல் நாமேதான் வைக்க வேண்டும்.

ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8-இல் 3 பைட். "கொ" குறைந்தது 6. நீள எல்லை பைட்டிலா எழுத்திலா என்று பாருங்கள். ஆரக்கிளில் இயல்பு பைட். 50 என்று கொடுத்தால் 16 குறியீடுதான் கொள்ளும்.

கேள்வி | மார்ச் 14, இரவு 8.15

மூன்றாம் இயல்வடிவத்தோடு (சாவியல்லாத புலம் சாவியை மட்டுமே சார்வது) நிறுத்தலாமா? பிசிஎன்எஃப் (அதைவிட இறுக்கமான பாய்ஸ்–காட் இயல்வடிவம்) தேவைப்படும் இடம் எதுவும் என் டேபிள்களில் தெரியவில்லை.

பதில் | மார்ச் 15, காலை 8.00

இப்போதைக்கு உங்களுக்கு வராது. சாவிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போதுதான் வரும். நூலகத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஓர் உறுப்பினருக்கு ஒரு துறைக்கு ஓர் ஆலோசகர். ஓர் ஆலோசகர் ஒரே துறைதான் பார்ப்பார். உறுப்பினர் + துறை → ஆலோசகர்; ஆலோசகர் → துறை. மூன்றாம் இயல்வடிவத்துக்கு இது சரி, ஏனென்றால் துறை ஒரு சாவியின் உறுப்பு. ஆனாலும் ஆலோசகரின் துறை பல வரிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ரேமண்ட் பாய்ஸும் எட்கர் காட்டும் 1974-இல் இறுக்கியது இந்த ஓட்டையை.

இரண்டாகப் பிரித்தால் ஓட்டை அடையும், ஆனால் "ஓர் உறுப்பினருக்கு ஒரு துறைக்கு ஓர் ஆலோசகர்தான்" என்ற விதியைக் காக்க எந்த ஒற்றை டேபிளும் இருக்காது. தலைவலி போய்த் திருகுவலி. நடைமுறையில் நன்றாக ஓடும் வழி: ஆலோசகர் டேபிளில் ஆலோசகர் எண் பிரைமரி கீ, கூடவே ஆலோசகர் + துறைக்கு ஒரு யூனிக். மூன்று புல டேபிளை அப்படியே வைத்து, அதிலிருந்து ஆலோசகர் + துறை இரண்டும் சேர்ந்த ஃபாரின் கீ. துறை திரும்ப எழுதப்படும், ஆனால் முரண்பட முடியாது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

பதில் | மார்ச் 16, மதியம் 2.10

இருக்கும் 10 லட்சம் வரிகளை ஏழு டேபிளாக மாற்றும் வழி கேட்டிருந்தீர்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் வேலை இது, முதல் படியிலேயே கிளம்பும்.

முதலில் அம்புகளைச் சோதியுங்கள். உறுப்பினர் எண் வாரியாகத் தொகுத்து, வேறுபட்ட பெயர்கள் ஒன்றுக்கு மேல் உள்ளவற்றைப் பட்டியலிடுங்கள். தொலைபேசி, அலமாரி, தலைப்பு, பதிப்பக முகவரி எல்லாவற்றுக்கும் இப்படியே. வேறுபட்டவற்றை எண்ணும் கவுண்ட் டிஸ்டிங்ட் நல்லைக் கணக்கில் எடுக்காது; ஒரு வரியில் எண் இருந்து மற்றதில் நல் என்றால் முரண் என்று வராது, அதில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் வந்தவற்றுக்குக் கடைசியாகக் கொடுத்த நேரத்தின் மதிப்பை எடுப்பது தொலைபேசிக்குச் சரி. பெயருக்கும் தலைப்புக்கும் ஆள் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். பதிப்பகப் பெயரில் முன்பின் இடைவெளி, புள்ளி, "பதிப்பகம்/பதிப்பகத்தார்" ஆகியவற்றை முதலில் ஒழுங்கு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒன்று ஐந்தாகும்.

பிறகு பெற்றோர் டேபிள்கள் முன்னால்: உறுப்பினர், பதிப்பகம், ஆசிரியர். அடுத்து நூல், பின் நூல்–ஆசிரியர், பிரதி, கடைசியில் கடன். பழைய கடன் எண்களை அப்படியே வைத்து, தானே வளரும் எண்ணின் தொடக்கத்தை அதற்கு மேல் நகர்த்துங்கள். மறந்தால் முதல் புதுக் கடனே சாவி மோதலில் விழும். போஸ்ட்கிரெஸில் ஃபாரின் கீயை "நாட் வேலிட்" என்று (இருக்கும் வரிகளைச் சோதிக்காமல்) சேர்த்துவிட்டு அப்புறம் சரிபார்க்கச் சொன்னால், சரிபார்க்கும் நேரத்திலும் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக ஏழையும் ஜாயின் செய்து 14 புலங்களைத் திரும்ப உருவாக்கி, பழைய டேபிளோடு எக்ஸெப்ட் (ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வரிகளைத் தருவது) போட்டு இரு திசையிலும் பாருங்கள். இரண்டும் வெறுமையாக வந்தால் எதுவும் தொலையவில்லை, எதுவும் புதிதாக முளைக்கவில்லை. புது வரிகள் முளைத்தால் எங்கேயோ சாவியல்லாத புலத்தை வைத்துப் பிரித்திருக்கிறீர்கள். பொதுப் புலம் ஏதாவது ஒரு பக்கத்தில் சாவியாக இருந்தால் பிரித்ததைப் பிசகில்லாமல் சேர்க்க முடியும்.

பதில் | மார்ச் 16, மாலை 6.45

மேலே சொன்ன ஒப்பீட்டில் திருத்தங்கள். எக்ஸெப்ட் இரட்டை வரிகளை ஒன்றாக்கிவிடும். இரு பக்கமும் வரி எண்ணிக்கையைத் தனியாக எண்ணிப் பாருங்கள். பதிப்பகம் இல்லாத நூல்களுக்கு உள் ஜாயின் போட்டால் அவற்றின் கடன்கள் காணாமல் போகும், பதிப்பகத்துக்கும் ஆசிரியருக்கும் இடது ஜாயின் (இணை இல்லாவிட்டாலும் வரியை விடாதது) போடுங்கள். ஆசிரியர் பெயர்களை "இடம்" வரிசையில் ஒட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். சுத்தம் செய்த மதிப்புகள் பழையதோடு பொருந்தாது, ஆகவே பழைய டேபிளின் ஒரு நகலில் அதே சுத்தத்தை முன்னரே செய்து, அந்த நகலோடு ஒப்பிடுங்கள். நல்லும் நல்லும் எக்ஸெப்டில் சமமாகவே கொள்ளப்படும், அதற்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம். மைஎஸ்கியூஎல் என்றால் 8.0.31 முதல்தான் எக்ஸெப்ட் உண்டு.